எட்டாம் வார்டோடு நின்ற வடிகால்

எங்கள் ஊர் வடிகாலை ஒன்பது துண்டாகப் போட்ட புண்ணியவான்களில் ஒருவர் என் அக்கா புருஷன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ நாட்டு நடப்பைப் பொதுவாகப் பேசுகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். பொதுவாகப் பேசுவது எனக்கு வராது. எனக்கு ஆள் வேண்டும், முகம் வேண்டும், எதிரே நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

என்னிடம் இருப்பது ஒரு மாவு மில். ஊர் மொத்தமும் சரிந்து இறங்கி முடிகிற பள்ளத்தில் இருக்கிறது. மில்லுக்கு முன்னால் ஒரு தெரு. தெருவின் நடுவே வார்டு எல்லை ஓடுகிறது. இந்தப் பக்கம் என் மில், ஒன்பதாம் வார்டு. அந்தப் பக்கம் அக்கா வீடு, எட்டாம் வார்டு. மில் ஓடாத நேரத்தில் அக்கா அடுப்பங்கரையிலிருந்து கூப்பிட்டால் இங்கே கேட்கும். என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு வீட்டுக்காரர், பிள்ளை, சொந்தம் எல்லாம் அந்த மெஷின்தான். அது ஓடினால் நான் சாப்பிடுவேன், ஓடாவிட்டால் அக்கா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நிற்கிற ஜென்மம் இல்லை நான்.

அந்த மெஷினுக்கு உயிர் மோட்டார். அதைத் தரையோடு தரையாகச் சிமெண்டில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறது. உயர்த்தி வைக்க வேண்டுமென்றால் பெல்ட், புல்லி, அரைக்கிற கல் என்று எல்லாவற்றையும் பெயர்த்து இடம் மாற்ற வேண்டும். அதற்கு எனக்கு வழியில்லை. ஏற்கெனவே இரண்டு மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து காயில் மாற்றியாகிவிட்டது. கடைசித் தடவை காயில் கட்டுகிறவர் கையை விரித்துவிட்டார். “அக்கா, இன்னொரு வாட்டி இது தண்ணி குடிச்சா என்கிட்ட கொண்டு வராதீங்க. நேரா பழைய இரும்புக் கடைக்கே கொண்டு போயிடுங்க” என்றார். ஆக, எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மழைத் தண்ணீர் மில்லுக்குள் வராமல் ஓடைக்குப் போக ஒரு வடிகால்.

அந்த வடிகாலுக்காக நானும் என் வீட்டுக்காரரும் நடையாய் நடந்தோம். அப்போதெல்லாம் எங்கள் ஊர்ச் சாக்கடை எங்கே ஓட வேண்டும் என்பதைத் தலைநகரில் இருக்கிற இலாகா தீர்மானிக்கும். அதன் கிளை அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போனால் வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் மதியம் ஆகும். மதியம் ஆனால் சாப்பாட்டு நேரம். சாப்பிட்டு வந்தால் ஐயா மீட்டிங். “நாளைக்கு வாங்களேன்” என்பான் வாசலில் நிற்கிறவன், ஏதோ பக்கத்து வீட்டிலிருந்து வந்தவர்களிடம் சொல்கிற மாதிரி. அவர் சாகிற வரைக்கும் அந்த நாளை வரவில்லை.

பிறகு சட்டம் மாறியது. இனி உள்ளூர் வேலையை உள்ளூர்க் கவுன்சிலே பார்த்துக்கொள்ளும், பணம் நேராகக் கவுன்சிலுக்கே வரும், ஒன்பது வார்டுக்கும் தேர்தல் என்றார்கள். நான் நின்றேன். வீடு வீடாகப் போய் ஒரே பேச்சுத்தான் பேசினேன். “வடிகால் கொண்டு வரேன். வரலைன்னா மில்லுக்கு வந்து நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேளுங்க.” ஜனங்கள் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார்கள். எதிர்ப்பக்கம் எட்டாம் வார்டில் அத்தான் நின்று ஜெயித்தார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். கேட்கிற எல்லாருக்கும் சரி என்பார். அந்தச் சரிதான் அவரை ஜெயிக்க வைத்தது, அதே சரிதான் என் குடியைக் கெடுத்தது.

வடிகாலுக்குப் பணம் வந்ததும் முதல் கூட்டம் போட்டார்கள். கவுன்சிலுக்கு இடம் என்று கொடுத்தது பழைய நூலகக் கட்டடம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாற்காலிகள், ஒரு ஃபேன், அதன் கீழே உட்கார ஒரு போட்டி. ஊர் எல்லைக்குள் எங்கே வேண்டுமானாலும் கூட்டம் போடலாம் என்று தலைவர் சமாதானம் சொன்னார். அவரை ஊரில் ‘சம்மதம்’ என்றுதான் சொல்வார்கள். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்று கேட்டு, தானே தலையாட்டி முடித்துவிடுவார். இன்ஜினியர் ஒருத்தர் வந்திருந்தார். நாலு ஊர்க் கவுன்சிலுக்கும் அவர் ஒருத்தர்தான், முறை வைத்து ஸ்கூட்டரில் வருகிறவர்.

“ஓடைப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு மேல ஏறி வரணும்” என்றார் அவர். “இந்த வருஷப் பணம் ஒன்பதாம் வார்டுக்கும் எட்டுல பாதிக்கும்தான் காணும். அடுத்த வருஷம் மிச்சம்.”

முதல் வார்டு உறுப்பினர் மரக்கடைக்காரர். நாற்காலியைச் சர்ரென்று பின்னால் தள்ளினார்.

“அப்ப எங்க வார்டுக்கு எப்ப வரும்?”

“மூணாவது வருஷம்.”

“நல்லா இருக்கு! மூணு வருஷம் நான் வெளிய தலை காட்டறதா வேண்டாமா? எனக்கு ஓட்டுப் போட்டவன் என்ன இளிச்சவாயனா?”

உடனே ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். என் வார்டு இளப்பமா, உன் வார்டு உசத்தியா என்று கூச்சல். அப்போதுதான் மரக்கடைக்காரர் அந்த மகா யோசனையைச் சொன்னார். பணத்தை ஒன்பதாகப் பிரித்துவிடலாம். ஆளுக்கு ஒரு பங்கு. அவரவர் வார்டில் அவரவர் இஷ்டப்பட்ட இடத்தில் கட்டிக்கொள்ளலாம்.

“இது சமத்துவம்” என்றார் தலைவர். அவருக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது.

“சமத்துவமா?” நான் எழுந்துவிட்டேன். “கிணத்துக் கயித்தை ஒன்பது துண்டா வெட்டி ஆளுக்கு ஒண்ணு குடுங்க. அப்புறம் எல்லாரும் சமமா நின்னு கிணத்தை எட்டிப் பாருங்க. இன்ஜினியர் சார், நீங்க சொல்லுங்க சார்!”

இன்ஜினியர் தன் பையை மூடிக்கொண்டிருந்தார். “முன்னாடி நான் சொன்னா நீங்க கேக்கணும். இப்ப நீங்க சொன்னா நான் கேக்கணும். அவ்வளவுதாம்மா” என்றார். அந்த ஆள் முகத்தில் கோபம் கூட இல்லை. எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

கை தூக்கச் சொன்னார்கள். நான் பயப்படவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அக்கா வீட்டு அடுப்பங்கரையில் அத்தானிடம் பேசி முடித்திருந்தேன். “உன் பக்கம்தாம்மா நான். இதுல என்ன சந்தேகம்?” என்றார். அக்கா சாட்சி. என்னோடு சேர்த்து அஞ்சு பேர் கணக்குச் சரியாக இருந்தது. பிரிக்க வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றதும் நாலு கை எழுந்தது. நான் மூச்சு விட்டேன். அப்புறம், ஃபேனையே பார்த்துக்கொண்டு, ஏதோ அதன் தூசியை எண்ணுகிற மாதிரி, அத்தான் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

வாசலில் மறித்துக்கொண்டேன்.

“என்ன அத்தான் இது? நேத்து என்ன சொன்னீங்க, இன்னிக்கு என்ன பண்றீங்க?”

“மச்சினிக்காக வார்டை வித்துட்டான்னு சொல்லுவாங்கம்மா. காலையில வேன்ல புள்ளைங்களை ஏத்த வர்றவங்க ஒவ்வொருத்தரும் கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

“நேத்து எனக்குச் சொன்னீங்களே, அந்தப் பதிலைச் சொல்றது!”

“கோவப்படாதே. எல்லாம் சரியாயிடும்.”

இந்த ‘சரியாயிடும்’ இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு உச்சந்தலை வரை சுரீரென்று ஏறும்.

ஒன்பது வார்டிலும் வேலை நடந்தது. மரக்கடைக்காரர் தன் கடை வாசலிலிருந்து தன் வீட்டு வாசல் வரை கட்டிக்கொண்டார். மூன்றாம் வார்டில் ஒரு நர்ஸம்மா, நல்லவள்தான், பள்ளிக்கூடத்தைச் சுற்றி அழகாக ஒரு வளையம் போட்டாள், அது எங்கேயும் போகவில்லை. மேலே இருக்கிறவர்கள் எல்லாரும் தங்கள் தண்ணீரை அடுத்தவன் எல்லையில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் மண்ணில் ஊறி, அங்கங்கே தேங்கி, சாவகாசமாக இறங்கி வந்த தண்ணீருக்கு இப்போது சிமெண்டு போட்டுச் சறுக்குப்பாதை செய்து கொடுத்தாகிவிட்டது. அத்தான் கட்டின துண்டு தன் வீட்டை ஒட்டி இறங்கி, வார்டு எல்லையில் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. நேர் எதிரே என் மில். நான் மட்டும் இன்ஜினியர் சொன்னபடி ஓடையிலிருந்து மேலே கட்டிக்கொண்டு வந்தேன். என் பங்குப் பணம் மில்லுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் தீர்ந்துவிட்டது.

முதல் மழைக்கே தெரிந்துவிட்டது. கரண்டைக் கால் அளவு தண்ணீர் வந்தது. மாவு மூட்டைகள் அடியில் ஊறிப்போயின. மோட்டார் தப்பியது ஒரு விரற்கடையில். நான் ஈரப் புடவையோடு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க வடிகாலோட வாய் என் மில்லைப் பாத்துக்கிட்டு இருக்கு. இன்னும் கொஞ்சம் இழுத்து என் வடிகாலோட சேருங்க.”

“எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லு வைக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. அது உன் வார்டு.”

“என் வார்டுல பணம் இல்ல. பிரிச்சுட்டீங்களே!”

“அதான் நானும் சொல்றேன். என் வார்டு வேலை முடிஞ்சுது.”

அதிகாரம்! வேன் ஓட்டுகிற மனுஷன், நேற்று வரைக்கும் அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்றது கிடையாது. அக்கா கையில் கரண்டியோடு நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் அவருக்குக் குழம்பு ஊற்றினாள்.

தலைவரிடம் போனேன். “ரெண்டு வார்டு சம்பந்தப்பட்ட விஷயம், கூட்டத்துல வைக்கணும், அடுத்த கூட்டம் அடுத்த மாசம்” என்றார். மழை அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்குமா என்று கேட்டேன். அதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

சரி, அதிகாரம்தானே? எனக்கும்தான் இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் என் வார்டு. ஊறிக் கெட்டுப்போன மாவு மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து, அத்தான் வடிகாலின் வாயிலே போட்டேன். நனைந்த மாவு இருக்கிறதே, அடுக்கி மிதித்துவிட்டால் சுவர் தோற்றது. ஒரு சொட்டு வராது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். “என்ன மில்லுக்காரம்மா, அணை கட்டறீங்களா?” என்றான் ஒருத்தன். “ஆமா, திறப்பு விழாவுக்கு உன்னைக் கூப்பிடறேன் போ” என்றேன்.

அடுத்த மழை இரண்டாம் நாளே பெய்தது. மில் வாசல் காய்ந்து கிடந்தது. மெஷினை ஓட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வடிகால் நிரம்பி, எதிர்த்து, அக்கா வீட்டுப் பின்கட்டுக்குள் ஏறியது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அக்கா வெளியே வருகிற வரைக்கும். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, மழையில் தெருவைக் கடந்து வந்தாள்.

“உனக்கு அவர் மேல கோவம்னா அவரைத் திட்டு. அடிக்கக்கூட அடி, நான் கேக்க மாட்டேன். என் அடுப்பை ஏன்டி அணைச்ச?”

 போய் மூட்டைகளை வடிகால் வாயிலிருந்து இழுத்து வெளியே போட்டேன். அவளும் கூட நின்று இழுத்தாள்.  அவள் உடம்பு முழுக்க ஈர மாவு அப்பியிருந்தது, என் உடம்பிலும்தான்.

நான் மூட்டையை எடுத்துவிட்டது அத்தானுக்குப் போதவில்லை. அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்ததும், எங்கே போவது என்று தெரியவில்லை. இரண்டு பஸ் மாறி அந்தப் பழைய இலாகாவுக்கே போய், கவுன்சில் உறுப்பினரே பொதுச் சொத்தை அடைத்துவிட்டாள் என்று என் மேல் புகார் கொடுத்துவிட்டு வந்தார். இவரை யாரும் நாளைக்கு வா என்று சொல்லவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்தார்களாம். அவர்கள் வாயைப் பிளந்து காத்துக்கொண்டிருந்தது இந்த மாதிரி ஒரு புகாருக்குத்தான்.

அடுத்த கூட்டத்துக்கு ஜீப்பில் இலாகா அதிகாரி வந்தார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை. வானம் கருத்துக்கொண்டு வந்தது. ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலியை மரக்கடைக்காரரே எழுந்து அவருக்குக் கொடுத்தார். அவர் எங்களை எல்லாம் பெயர் சொல்லி விசாரித்து, பிறகு என்னைப் பார்த்து, “அம்மா, நீங்கதான் ரொம்பப் பாதிக்கப்பட்டவங்க” என்றார். என் வீட்டுக்காரரோடு நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இதே மனிதர் எத்தனையோ தடவை எங்கள் காலைத் தாண்டிக்கொண்டு போயிருக்கிறார். அப்போது நான் பாதிக்கப்பட்டவளாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

“விஷயம் ரொம்பச் சுலபம்” என்றார் அவர். “எங்க மெஷினும் ஆளும் பக்கத்து ஊர்ல சும்மா நிக்குது. பத்தே நாள்ல எட்டாம் வார்டு வடிகாலை ஓடை வரைக்கும் இழுத்துடறோம். நீங்க ஒரு தீர்மானம் மட்டும் போட்டுக் குடுங்க. வடிகால், குடிதண்ணி, தெருவிளக்கு இந்த மூணு வேலையையும் கவுன்சிலால செய்ய முடியல, இலாகாவே எடுத்துக்கட்டும்னு.”

மூன்றா? வடிகாலுக்கும் தெருவிளக்குக்கும் என்ன சம்பந்தம்? யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து நாள் என்ற வார்த்தை என் காதில் விழுந்த பிறகு வேறெதுவும் விழவில்லை. பத்து நாளில் வடிகால் வந்தால் மோட்டார் பிழைத்தது. மோட்டார் பிழைத்தால் நான் பிழைத்தேன்.

கை தூக்கச் சொன்னார்கள். மரக்கடைக்காரர் தூக்கினார், அவர் வீட்டு வாசல் வரைக்கும் வடிகால் வந்தாகிவிட்டது, இனி எதற்குத் தொல்லை? இன்னும் மூன்று பேர் தூக்கினார்கள். வேண்டாம் என்று நாலு பேர். அதில் அத்தானும் ஒருத்தர். தான் வைத்த கொள்ளி எங்கே பற்றிக்கொண்டது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் செத்துப்போயிருந்தது. பாக்கி நான் ஒருத்திதான். அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம்மா என்று கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கு அதைப் பார்த்ததும் கை தன்னாலேயே தூக்கிக்கொண்டது. பாதி தூக்கிவிட்டேன், பொய் சொல்லவில்லை. அந்த மனிதர் கெஞ்சுவதைப் பார்க்க அத்தனை நாளாகக் காத்திருந்தேன்.

அதிகாரி மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும். அவர் என்னைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி சிரித்து, “உங்களால முடியாதுன்னு ஒத்துக்கறதுல தப்பே இல்லம்மா” என்றார்.

என் கை இறங்கிவிட்டது.

“யாரால முடியாது?” என்றேன். “என் பங்குப் பணத்துல ஓடையிலேர்ந்து சரியான வாட்டத்துல கட்டிக்கிட்டு வந்திருக்கேன். போய்ப் பாருங்க. எங்களால முடியும் சார். இந்த எட்டுப் பேருக்கும் புத்தி இல்ல, அதான் விஷயம். புத்தி இல்லாததை நாங்க பாத்துக்கறோம். நீங்க ஜீப்புல ஏறுங்க.”

“அம்மா, உங்க மில்லு...”

“என் மில்லைப் பத்தி இப்பத்தான் ஞாபகம் வந்துதா?”

தீர்மானம் தோற்றுப்போனது. அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் மழை கொட்ட ஆரம்பித்தது. அது தூறலாக ஆரம்பித்து வலுக்கிற மழை இல்லை, முதல் சொட்டிலிருந்தே அடித்து ஊற்றியது. பாக்கி விஷயங்களை டீக்குப் பிறகு பேசலாம் என்று தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைக் கேட்க நிற்கவில்லை, ஓடினேன்.

வழியெல்லாம் ஒவ்வொரு வார்டு வடிகாலும் நுரை கக்கிக்கொண்டு என்னோடு கூடவே ஓடி வந்தது. சில இடத்தில் என்னை முந்திக்கொண்டும் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது மில்லுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மெயின் ஸ்விட்சை யாரோ அணைத்திருந்தார்கள். உள்ளே இருட்டில் அக்கா தண்ணீருக்குள் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஸ்பானர். குனிந்து கழுத்து வரை தண்ணீரில் இருந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாத போல்டைத் தடவித் தடவித் திருகிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு கழண்டுடுச்சு. மூணு வர மாட்டேங்குதுடி” என்றாள்.

“விடுக்கா. முங்கிப் போச்சு.”

“முங்கினா என்ன, இன்னும் உயிர் இருக்கும். பிடி.”

இரண்டு பேரும் முக்கினோம். துரு பிடித்த போல்ட் அசையவில்லை. தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருந்தது. விட்டுவிடு என்றால் அவள் கேட்கவில்லை. அழுகிறாளா மழையா என்று தெரியாத மாதிரி முகம்.  வந்த வழியே திரும்பி ஓடினேன்.

நூலகக் கட்டடத்தில் எல்லாரும் அப்படியே இருந்தார்கள், மழை விடட்டும் என்று. டீ வந்திருந்தது. மரக்கடைக்காரர் ஃபேனுக்குக் கீழே தன் நாற்காலியைத் திரும்பப் பிடித்துவிட்டிருந்தார்.

“அத்தான்” என்றேன். “உங்க பொண்டாட்டி என் மில்லுல கழுத்தளவு தண்ணியில உக்காந்திருக்கா. மோட்டாரை விட மாட்டேங்குறா. டீ குடிச்சிட்டு மெதுவா வாங்க.”

டம்ளர் கீழே விழுந்தது. அவர் ஓடினார். நான் மற்றவர்கள் பக்கம் திரும்பினேன்.

“கூட்டம் இன்னும் முடியலதானே தலைவரே? டீக்குத்தானே விட்டீங்க? ஊர் எல்லைக்குள்ள எங்க வேணா கூட்டம் போடலாம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. மீதிக் கூட்டம் என் மில்லுல. எந்திரிங்க. எந்திரிக்காதவங்க வீட்டு வாசல்ல நாளையிலேர்ந்து நான் உக்காருவேன். எனக்குத்தான் இனி மில்லு இல்லையே, வேலை வெட்டி ஒண்ணும் கிடையாது.”

நர்ஸம்மா முதலில் எழுந்தாள். பிறகு தலைவர். வேட்டியைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக என்னோடு இறங்கி வந்தார்கள். மரக்கடைக்காரர் மட்டும் தெரு திரும்புகிற இடத்தில் காணாமல் போய்விட்டார். போகட்டும், எனக்கு அவர் வீடு தெரியும்.

மில்லுக்குள் எல்லாரும் சுவரை ஒட்டித் தண்ணீரில் நின்றார்கள். சல்லடைகளும் காலிச் சாக்குகளும் அவர்கள் காலைச் சுற்றி மிதந்தன. அத்தான் அக்காவை எழுப்பி ஓரமாக நிறுத்திவிட்டு, தான் தண்ணீருக்குள் உட்கார்ந்து போல்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

“நீ அன்னிக்கு... இல்ல, இன்னிக்கே, இப்பத்தானே! அந்தக் கையைத் தூக்கியிருந்தா பத்து நாள்ல வடிகால் வந்திருக்குமே. எதுக்கு இறக்கின? என்னால இது போகணுமா?”

“தூக்கியிருந்தாலும் இன்னிக்கு மழை இன்னிக்குத்தான் பெஞ்சிருக்கும்” என்றேன். “உங்களாலதான் போச்சு. அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா ஒண்ணு அத்தான், அந்தாளு கட்டிக் குடுத்துட்டுப் போனப்புறம் அது அடைச்சா நான் எங்க போறது? திரும்ப ரெண்டு பஸ் மாறி, அந்தப் பெஞ்சுல உக்காந்து, நாளைக்கு வா, நாளைக்கு வான்னு... அவர் அப்படியே செத்துப் போனாரு. நான் போக மாட்டேன். நீங்க நாசமாப் போங்க, ஆனா இங்கயே இருந்து நாசமாப் போங்க. தெருவைத் தாண்டினா நான் உங்க சட்டையைப் பிடிக்கணும்.”

அப்புறம் நான் திட்டினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. ஒவ்வொரு வார்டாக, ஒவ்வொரு ஆளாக எடுத்துத் திட்டினேன். நர்ஸம்மாவின் வளையத்தைக்கூட விடவில்லை.  தண்ணீர் தலைவரின் தொடையைத் தொட்டுவிட்டது. வெளியே தெருவில் கூட்டம் சேர்ந்து குடையோடு நின்று கேட்டது.

நர்ஸம்மாதான் தீர்மானத்தைச் சொன்னாள். அடுத்து வருகிற பணம் முழுக்க ஒரே இடத்தில், கீழேயிருந்து மேலே, பிரிக்கிற பேச்சே கிடையாது. ஏழு பேர் கை தூக்கினோம். எட்டாவது கை தண்ணீருக்குள் இருந்தது.

“உங்க கை எங்க?” என்றாள் அக்கா, சுவரோரமாக நின்றுகொண்டு. அன்றைக்கு அவள் வாயைத் திறந்து அவரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. “அடுப்பங்கரையில ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு தூக்கறது இன்னியோட போகட்டும். எல்லாரும் பாக்கறாங்க. தூக்குங்க.”

அவர் ஸ்பானரோடு கையைத் தூக்கினார். சேற்றுத் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகியது. யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார். தலைவர் எண்ணி முடித்தார்.

மற்றவர்கள் போய்விட்டார்கள். மழையும் குறைந்தது. அத்தான் மறுபடியும் தண்ணீருக்குள் குனிந்து போல்டைத் திருக ஆரம்பித்தார்.

“எதுக்கு இப்ப? அது செத்துப் போச்சு” என்றேன்.

 இரண்டாவது போல்ட் கழன்றது. அதை எடுத்து மெஷின் மேல் வைத்துவிட்டு மூன்றாவதற்குப் போனார். தோல் உரிந்து விரலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அக்கா போய் எதிரே உட்கார்ந்து மோட்டாரைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள். நான் உதவிக்குப் போகவில்லை. எனக்கு மனசு வரவில்லை, இப்போதும் வராது. இனி இந்த இடத்தில் என்ன செய்வேன், நாளைக் காலையில் தானியத்தோடு வருகிறவர்களிடம் என்ன சொல்வேன் என்று தெரியாமல் காலிச் சாக்குகளைப் பார்த்தேன். பிறகு விட்ட இடத்திலிருந்து அத்தானைத் திட்ட ஆரம்பித்தேன். நான் திட்டிக்கொண்டிருந்தேன், அவர் கழற்றிக்கொண்டிருந்தார்.